வார்டா, வீடா, இடையில் ஓரிடமா? அவசர சிகிச்சைக்குப் பின் நான்கு வழிகள்

"நாளைக்கு டிஸ்சார்ஜ் செய்துவிடலாம்" என்று மாலை ரவுண்ட்ஸில் மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் இரவு மட்டுமே. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் நாள் பார்த்து, விடுப்பு எடுத்து, கீழ்த்தளத்து அறையை ஒழித்து வைத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போகிறோம். 108 ஆம்புலன்சில் வந்து சேர்ந்தவருக்கு அப்படி எந்த ஏற்பாடும் இருப்பதில்லை. நெஞ்சுவலி, பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மூச்சுத்திணறல் என்று வந்த பெரியவரை இப்போது வீட்டுக்கு அழைத்துச் செல்வதா, இன்னும் சில நாள் அங்கேயே வைத்திருப்பதா, ஆள் அமர்த்திப் பார்ப்பதா, ஊருக்குப் பக்கத்தில் வேறொரு மருத்துவமனைக்கு மாற்றுவதா என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களில் செலவு பற்றிய கேள்வி முதலில் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிக் கழிவறைக்கு யார் அழைத்துச் செல்வது என்ற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. நான் இந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

மருத்துவர் தரும் டிஸ்சார்ஜ், நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, மருத்துவமனையில் மட்டுமே தரக்கூடிய சிகிச்சை இனித் தேவையில்லை என்ற முடிவு. நோயாளியின் வீட்டில் எத்தனை படிகள், கழிவறை வீட்டுக்குள் இருக்கிறதா கொல்லையில் இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் அந்த முடிவில் அடங்காது. நாம் எடுத்துச் சொன்னாலொழிய மருத்துவருக்கு அவை தெரியவும் வழியில்லை. எனவே வீடு திரும்பத் தகுதி பெறுவதும் வீடு திரும்பத் தயாராவதும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டிய இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்வார். இரண்டாவதற்குக் குடும்பம்தான் பதில் தேட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

இந்தத் தயார்நிலையை அளக்க உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படும் வினாப்பட்டியல் ஒன்றை அமெரிக்காவின் மார்க்வெட் பல்கலைக்கழகத்துச் செவிலியர் துறைப் பேராசிரியர் மரியான் வைஸ் உருவாக்கினார். அதன் கேள்விகள் நான்கு பிரிவுகளில் அடங்கும். நோயாளியின் உடலும் மனமும் இன்று எப்படி இருக்கின்றன, மருந்தையும் ஆபத்து அறிகுறிகளையும் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது, வீட்டில் எழும் தேவைகளைச் சமாளிக்கும் திறன் இருக்கிறதா, எதிர்பார்க்கும் உதவி கிடைக்குமா என்பவையே அவை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடப்படும். வைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னர் நடத்திய ஆய்வில், யார் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரிடும் என்பதை நோயாளியின் சொந்த மதிப்பீட்டைவிட அவரைக் கவனித்த செவிலியரின் மதிப்பீடே நன்றாகக் காட்டியது. ஆகவே "அப்பா நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், இரவுப் பணியில் இருந்த நர்ஸிடம் "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்பது நல்லது. ஐந்து நிமிடத்தில் அவர் சொல்லும் விஷயங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது.

நம் ஊர்ச் சூழலுக்காக இவற்றோடு இரண்டைச் சேர்த்துக்கொள்கிறேன். அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனையை வீட்டிலிருந்து அடைய எவ்வளவு நேரமாகும் என்பது ஒன்று. ஒரு மாதம் முழுவதும் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்பது மற்றொன்று.

இந்த மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. உடல்நிலைக்கு 9, அறிந்திருப்பதற்கு 8, பணம் தாராளம், ஆனால் இரவில் உடனிருக்க ஆளில்லை என்றால் சராசரி நன்றாகவே தெரியும்; நோயாளி மட்டும் மூன்றாம் நாள் குளியலறையில் விழுந்து கிடப்பார். எந்த அளவுகோலில் மதிப்பெண் மிகக் குறைவோ அதுவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

மதிப்பெண் போடுவதற்கு முன் வார்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆயாவும் வார்டுபாயும் உதவாமல், வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவரே நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, கழிவறைக்கு அழைத்துச் சென்று, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும்; பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. அடுத்து, மருந்துச் சீட்டை நர்ஸ் நமக்கு விளக்குவதோடு நில்லாமல், நாம் அதை நர்ஸுக்குத் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டும். 1-0-1 என்று எழுதியிருப்பது காலையும் இரவும் என்பது பலருக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, சாப்பிடாமல் படுத்துவிட்டால் இன்சுலின் போடலாமா, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றம் வார்டில் வெளிப்பட்டால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

## இந்த ஒப்பீட்டுக்குள் வராதவர்கள்

பார்வைக்கு நலமாகத் தெரிந்தாலும் குறிப்பிட்ட நேரம் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டிய நோயாளிகள் உண்டு. அவர்களைப் பற்றி வீடா வார்டா என்று பேசவே கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட உடனே வரும் ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம். மாத்திரை இல்லாமல் 48 மணி நேரம் காய்ச்சலின்றி இருப்பதும், இரத்தத் தட்டணுக்கள் ஏறுமுகமாக இருப்பதும், பசியும் சிறுநீரும் சீராக இருப்பதும் வீடு திரும்புவதற்கான நிபந்தனைகள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளால் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிவு வந்துவிடும். ஆனால் மாத்திரையின் வேலை இன்னும் முடிந்திருக்காது. முதியவராக இருந்து சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் மறுநாளும் சர்க்கரை இறங்கலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை உட்கொண்டவர் வாந்தி நின்றபின் ஓரிரு நாள் முற்றிலும் நலமாகத் தோன்றுவார்; கல்லீரல் பாதிப்பு வெளிப்படுவது அதற்குப் பிறகே. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், முதல் சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் நேரம்வரை இருப்பதே முறை.

## முதல் வழி: மருத்துவமனையிலேயே இன்னும் சில நாள்

அச்சம் மிகுந்த குடும்பங்கள் முதலில் நாடுவது இதைத்தான். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே, தெம்பு வந்தபிறகு போகலாம்" என்ற வேண்டுகோளில் அன்பு இருக்கிறது, உடலியல் இல்லை. படுக்கையில் கிடந்தால் தெம்பு வருவதில்லை, போகிறது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கால்களில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். நோயே இல்லாதவர்களின் நிலை இது. இதயநோய் மருத்துவர் ஹார்லன் குரும்ஹோல்ஸ் 2013-ல் எழுதிய கட்டுரையில், மருத்துவமனைவாசமே ஒருவரைத் தற்காலிகமாகப் பலவீனப்படுத்துகிறது என்று வாதிட்டார்: கலைந்த தூக்கம், குறைந்த சாப்பாடு, வலி, புதிய மருந்துகள், அசையாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்து, வந்த நோயோடு தொடர்பே இல்லாத வேறொரு காரணத்துக்காக அவரைத் திரும்ப அழைத்து வருகின்றன.

மறைந்திருக்கும் விலைகளில் முதலாவது, முதியவர்களுக்கு வரும் திடீர் மனக்குழப்பம். பகலா இரவா என்று தெரியாத ஐசியு வெளிச்சத்தில், கண்ணாடியும் காதுக்கருவியும் இல்லாமல் கிடப்பவர், இறந்துபோன தங்கையைக் கூப்பிடவும் ஊசிக் குழாயைப் பிடுங்கவும் தொடங்குகிறார். பழகிய இடமும் பழகிய குரலும் பலருக்கு இதைத் தணிக்கின்றன. இரண்டாவது, மருத்துவமனைக் கிருமிகள். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத தொற்று கூடுதல் நாட்களோடு சேர்ந்தே வருகிறது. மூன்றாவது, காப்பீடு. மருத்துவத் தேவை இல்லாமல் நீட்டிய நாட்களுக்கான தொகையை நிறுவனம் மறுக்கலாம். பாலிசி அனுமதிக்கும் அறை வாடகையைவிட உயர்ந்த அறையில் இருந்தால், வாடகையில் உள்ள வித்தியாசம் மட்டும் கழிக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட பிற செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படுகின்றன; ஒவ்வொரு கூடுதல் நாளும் அந்த வெட்டைப் பெரிதாக்கும்.

பணம் எப்படித் தரப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு நிர்ணயித்த பேக்கேஜ் தொகை தரப்படுகிறது. நாள் கூடினால் மருத்துவமனைக்கு லாபமில்லை. கையிலிருந்து நாள்கணக்கில் கட்டும் நோயாளி தங்கினால் லாபம். யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கிறார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் "சீக்கிரம் அனுப்புகிறார்களே" என்ற ஐயமும் "அனுப்ப மாட்டேன் என்கிறார்களே" என்ற ஐயமும் எழும்போது பில் எந்த வகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு நாள் இருந்தால் இங்கே என்ன சிகிச்சை நடக்கும்?" என்று நேராகக் கேட்பது பொருத்தம். ஊசி, ஆக்சிஜன், பரிசோதனை, பயிற்சி என்று குறிப்பான பதில் வந்தால் இருங்கள். "பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் கிளம்பலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இதுவே சரியான வழியாகும் நிலைமைகள் உண்டு. ஆக்சிஜன் தேவை இன்னும் குறைந்துகொண்டே வருகிறது, நரம்பு வழி ஆன்டிபயாடிக் முடியவில்லை, நேற்றுத்தான் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து மாற்றினார்கள், பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் திறன் இன்னும் சோதிக்கப்படவில்லை என்றால் காத்திருப்பதே நன்று. வீடு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, பில் முடிய இரவு ஒன்பது மணியாகும் என்றால் மறுநாள் காலை கிளம்புவதிலும் தவறில்லை. கேஷ்லெஸ் நோயாளிகளின், அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் நோயாளிகளின், இறுதி அனுமதியை, மருத்துவமனை விண்ணப்பித்த மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், அதற்குமேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் அறிவித்திருக்கிறது. காலை ரவுண்ட்ஸ் முடிந்த உடனே விண்ணப்பம் போய்விட்டதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்துகொண்டால் மாலைக்குள் வீடு சேரலாம்.

## இரண்டாம் வழி: வீடு, குடும்பத்தாரே பார்த்துக்கொள்வது

நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இது. பல நோயாளிகளுக்கு உண்மையிலேயே சிறந்ததும் இதுதான். சிக்கலின்றி ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை) முடிந்த மாரடைப்பு நோயாளி இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புவது இன்று உலக நடைமுறை. அதை அவசரம் என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. நடக்கவும் சாப்பிடவும் முடிகிற, மனம் தெளிவாக உள்ள நோயாளிக்குச் சொந்தப் படுக்கையும் வீட்டு ரசமும் செய்யும் வேலையை எந்த வார்டும் செய்ய முடியாது.

ஆனால் இதைச் செலவில்லாத வழி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. செலவு இருக்கிறது, அது பில்லில் ஏறாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஏறுகிறது. யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பம் கூடிப் பேசும்போது, மகன்கள் பணத்தைப் பகிர்ந்துகொள்ள, வேலையை விடுவதும் பள்ளிப் பிள்ளைகளைத் தாய்வீட்டில் விடுவதும் மகளின் அல்லது மருமகளின் பங்காகிவிடுகின்றன. வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் வந்து "வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க" என்று தீர்ப்பளிப்பவர், அந்த இரவுகளைக் கணக்கில் கொள்வதில்லை. படுத்த படுக்கையாக உள்ளவரைப் படுக்கைப்புண் வராமல் காக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவு முழுவதும் ஒரே ஆள் அதைச் செய்தால் நான்காம் நாள் அவரும் நோயாளியாகிவிடுவார். எனவே "உதவி" என்ற அளவுகோலுக்கு மதிப்பெண் போடும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணாமல், ஒரு வாரத்தின் ஏழு இரவுகளுக்கும் பெயர் எழுத முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு இரவுகள் காலியாக இருந்தாலும், ஆள் அமர்த்தும் மூன்றாம் வழியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் தவறுகளில் மருந்துக் குழப்பமே முதன்மையானது. பழைய டப்பாவில் ஆஸ்பிரின் தனி மாத்திரையாக இருக்கும். புதிய சீட்டில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த ஒரே மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் விழுங்கினால் ஒரே மருந்து இருமுறை போகிறது. பெயர் வேறாக இருப்பதால் படித்தவர் வீட்டிலும் இது நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்னரே வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, எது தொடரும், எது நிற்கும், எது மாறியிருக்கிறது என்று டியூட்டி டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் வைத்தவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது, பல் பிடுங்குவதற்காகக்கூட. இதை ஒரு தாளில் தனியாக எழுதி மாத்திரை டப்பாவிலேயே ஒட்டிவிடலாம்.

அடுத்தது வீட்டின் அமைப்பு. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்தவரை மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைக்கிறார்கள். வீட்டில் குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே இருந்தால் அந்த முன்னேற்றம் அன்றே நின்றுபோகும். கமோடு சேர், வாக்கர், குளியலறைக் கைப்பிடி, வழுக்காத மிதியடி, தேவைப்பட்டால் ஏர் பெட் ஆகியவற்றை நோயாளி வருவதற்கு முன் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துவிட வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி மின்சாரத்தில் ஓடுவது. மின்வெட்டுக்குச் சிலிண்டர் ஒன்று கைவசம் இல்லாமல் அதை நம்பக் கூடாது. வீடு திரும்பும் பயணத்துக்கு 108 வராது, அது அவசரத்துக்கானது என்பதால் வண்டிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாரிக்க வருபவர்களை முதல் வாரம் தொலைபேசியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களும் சேர்ந்திருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த வழியைச் சற்று எளிதாக்குகிறது. அத்திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும், படுக்கையில் கிடப்பவருக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியும் வேலையை நோயாளி வார்டில் இருக்கும்போதே ஒருவர் முடித்துவிடலாம். தினமும் பயிற்சி தேவைப்படும் பக்கவாத நோயாளிக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

## மூன்றாம் வழி: வீடு, சம்பளத்துக்கு ஆள்

நகரங்களில் வேகமாகப் பரவும் ஏற்பாடு இது. ஏஜென்சிக்கு அழைத்தால் மறுநாள் ஆள் வந்துவிடுவார். வருபவர் யார் என்பதுதான் கேள்வி. பேச்சுவழக்கில் எல்லோரையும் ஹோம் நர்ஸ் என்கிறோம். அவர்களில் பதிவு பெற்ற செவிலியர்களும் இருக்கிறார்கள், சில வாரப் பயிற்சி பெற்ற அட்டெண்டர்களும் இருக்கிறார்கள், எந்தப் பயிற்சியும் இன்றிப் பிழைப்புக்காக வந்தவர்களும் இருக்கிறார்கள். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் நடக்கவைக்கவும் நல்ல அட்டெண்டர் போதும். மூக்கு வழி ரைல்ஸ் டியூபில் உணவு, மூத்திரக் குழாய், தொண்டைத் துளைக் குழாய், இன்சுலின், காயக் கட்டு என்று வரும்போது நர்சிங் கவுன்சில் பதிவு உள்ளவரையே கேட்டு, பதிவு எண்ணைப் பார்த்து அமர்த்த வேண்டும். வார்டில் நோயாளி இருக்கும்போதே அவரை ஒருநாள் முன்னதாக வரவழைத்து, அங்குள்ள நர்ஸ் பார்க்க டியூபில் ஒருவேளை உணவு கொடுக்கச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்காமல் ஊற்றத் தொடங்கினால் அந்த ஆள் வேண்டாம். நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியா வருவது இப்படித்தான்.

மாதச் சம்பளத்தோடு ஏஜென்சியின் பதிவுக் கட்டணம், முன்பணம், சாப்பாடு, தங்க இடம் ஆகியவையும் சேரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்குப் போவார். மாற்று ஆள் வருவாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புதிய ஆள் ஒவ்வொரு முறை வரும்போதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும், அதற்கும் வீட்டில் ஒருவர் வேண்டும். ஆகவே குடும்பத்தில் யாருமே இல்லாத வீட்டை இந்த வழி தனியாகத் தாங்காது என்பது என் கணிப்பு. மேற்பார்வை பார்க்க ஒருவர் இருந்து, அவருடைய இரவுகளை மட்டும் விடுவிக்க ஆள் வைப்பதே இதன் சரியான பயன்பாடு. பகலில் எல்லோரும் இருக்கும் நேரத்துக்கு ஆள் வைத்துவிட்டு இரவைக் காலியாக விடும் வீடுகளைப் பார்க்கிறோம். மாற்றி வைத்தால் செலவும் குறையும்.

இந்தச் சம்பளம் காப்பீட்டில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் அல்லது அதற்கு மேலும் மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணத்தைத் தருகின்றன. அதற்கான பில்களையும் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் பயன்படுத்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துள்ள பொது விலக்குகளில் 05 என்ற எண்ணுள்ளது, ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் மட்டுமான சேர்க்கையை விலக்குகிறது. குளிப்பாட்டுதல், உடுத்துதல், நடமாட உதவுதல் போன்ற அன்றாடப் பராமரிப்பை வீட்டில் செய்தாலும் வேறிடத்தில் செய்தாலும், நர்ஸ் செய்தாலும் உதவியாளர் செய்தாலும், அதற்கான செலவையும் அதே விலக்கு தள்ளிவிடுகிறது. தனியாகக் கூடுதல் பலன் சேர்த்த பாலிசியாக இருந்தாலொழிய, இந்தச் செலவு கைப்பணம்தான்.

## நான்காம் வழி: இடையில் ஓரிடம்

இதில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகை, பெரிய நகரத்து மருத்துவமனையில் ஆபத்துக் கட்டம் தாண்டியவரை ஊருக்கு அருகிலுள்ள நர்சிங் ஹோமுக்கோ அரசு மருத்துவமனைக்கோ மாற்றி, மீதி நாட்களை அங்கே முடிப்பது. உறவினர் மாறி மாறி வர முடியும், வாடகை குறையும். ஆனால் புதிய இடத்தில் இரத்தப் பரிசோதனைகள் முதலிலிருந்து எடுக்கப்படலாம். புதிய மருத்துவர் மருந்தை மாற்றலாம். தனியார் இடமென்றால் காப்பீட்டுக்குப் புதிதாக முன் அனுமதி வேண்டும், அது மறுக்கப்படவும் கூடும்.

பணம் தீர்ந்ததால் மருத்துவர் சொல்லைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத் தூக்கிப்போகும் குடும்பங்களுக்கு இந்த வகையை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முழுச் சம்மரியோடும் ஸ்கேன் படங்களோடும் ரெஃபர் செய்யும்படி கேளுங்கள். சிகிச்சை அறுபடாது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு இந்தக் கேள்வி மூன்றாம் நாளிலேயே வந்துவிடுகிறது: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் செலவை வரம்புக்குள் ஏற்கிறது. அதன்பின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர் அதில் தொடரலாம். இல்லாதவர் கைப்பணம் கட்ட வேண்டும் அல்லது அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும். 48 மணி நேரம் முடியும்வரை காத்திராமல் முதல் நாளே இதைப் பேசிவிடுவது நல்லது.

இரண்டாவது வகை மறுவாழ்வு மையம். பக்கவாதத்துக்குப் பின் வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், அந்தக் காலத்தில் தினமும் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல் பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதற்கு மாற்று இல்லை. தண்டுவடக் காயத்துக்கும் அப்படியே. வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் மருத்துவர் மேரி வர்கீஸ் தலைமையில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிறுவனமும், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் இத்துறையில் தமிழகத்தின் பழைய பெயர்கள். தனியார் மையங்கள் இப்போது பெருநகரங்களில் நிறைய வந்துவிட்டன. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரப் பயிற்சி, இரவில் மருத்துவர் உண்டா, மூச்சுத்திணறினால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். முதியோர் இல்லத்தின் ஒரு மாடிக்கு மறுவாழ்வு மையம் என்று பெயர்ப்பலகை மாட்டிய இடங்களும் உண்டு. மேலே சொன்ன விலக்கு எண் 05 இங்கே முழு வலுவோடு பொருந்தும் என்பதால், ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே சேர்க்க வேண்டும்.

## யாருக்கு எது

சிக்கலற்ற மாரடைப்பு, வீட்டில் ஆளுண்டு, அவசரப் பிரிவு அரைமணி நேரத்தில் எட்டும்: இரண்டாம் வழி, தயங்க வேண்டாம். இதயம் பலவீனமாகி நீர்கோத்து வந்தவருக்கும் அதுவே, ஆனால் எடை பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மூச்சு வாங்கும்வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிவு, கணவன் மனைவி இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் வெளியூர்: மூன்றாம் வழி, அதுவும் மகளோ மகனோ முதல் இரண்டு வாரம் வந்து தங்கும் நிலையில் மட்டும், இல்லையேல் நான்காம் வழி. கையும் காலும் விழுந்த பக்கவாதம், பேச்சும் குழறுகிறது: பணம் இடம்கொடுத்தால் மறுவாழ்வு மையம். இடம்கொடுக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரியின் பிசியோதெரபி புறநோயாளிப் பிரிவுக்குத் தினமும் சென்றுவரக்கூடிய தூரத்தில் இருக்கும் உறவினர் வீடு, சொந்த ஊர் வீட்டைவிட மேல். தனியாக வாழும் முதியவருக்கு நிமோனியா என்றால், காய்ச்சல் விட்டதை அளவாகக் கொள்ளாமல், தானே சமைக்காவிட்டாலும் தானே எழுந்து சாப்பிட்டு நடக்க முடிகிறதா என்று பார்த்து, அதுவரை முதல் வழியிலோ நான்காம் வழியின் முதல் வகையிலோ இருக்கவைக்கலாம்.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள இடமிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே அளவுகோல்களுக்கு மறுபடி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். பார்த்துக்கொள்பவரின் தூக்கத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். ஏதாவது ஒன்று ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் வழியிலிருந்து மூன்றாவதற்கோ நான்காவதற்கோ மாறுவதற்கு அதுவே நேரம். புதிய குழப்பம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தக்கசிவு, காயத்தில் சீழ், சிறுநீர் நின்றுபோதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மதிப்பெண் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மற்ற சந்தேகங்களுக்கு யாரை, எந்த எண்ணில், எத்தனை மணிக்குள் கூப்பிடலாம் என்பதையும், மறுபரிசோதனைக்கு எந்த நாளில் எந்தப் புறநோயாளிப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே டியூட்டி டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.